சுண்ணாம்பை மறந்த சுவர்கள்

1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் வாலாஜா ரோட்டுக்கு முதல் பயணிகள் ரயிலை அனுப்பிவைத்த வடசென்னையின் ராயபுரம் நிலையக் கட்டடம், அதற்கு முன்பே பம்பாயின் போரிபந்தரிலும் தாணேயிலும் எழுந்த நிலையங்களின் பழைய கட்டடங்கள் மறைந்துவிட்ட நிலையில், ரயில்கள் வந்துபோகும் நிலையமாகவே இன்றும் நிற்கிறது. இத்தகைய கட்டடங்களைக் காப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் இடிப்பதா, விடுவதா என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. 2012-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனதும் கவலைக்குரியதே. ஆயினும் வடசென்னையின் பழைய சுவர்களைக் கடப்பாரையைவிட அதிகமாக அழித்துவருவது, அவற்றைக் காப்பதாக எண்ணிப் பூசப்படும் சிமெண்ட் ஆகும்.

துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் உள்ள பழைய வீடுகளின் சுவர்கள், தரையிலிருந்து இடுப்பளவு வரை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரல் முட்டியால் தட்டினால் பூச்சு உள்ளே பொக்கையாக ஒலிக்கும். மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறுவதை ஓதம் என்பர். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடுவதால், ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து பருத்து, கல்லைப் பொடியாக்கிவிடுகிறது. பூச்சு உதிர்ந்ததும் முன்னிலும் கனமாகச் சிமெண்ட் அப்பப்படுகிறது. ஓதமோ இன்னும் ஓரடி மேலேறுகிறது.

இந்தச் சுவர்களுக்கான சுண்ணாம்பு, கடலும் காயலும் தந்த கிளிஞ்சலிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டு, பின்னர் பக்கிங்காம் கால்வாயின் பகுதியான நீர்வழியில் உப்பும் விறகும் கிளிஞ்சலும் நகருக்குப் படகேறி வந்தன. காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், சுட்ட கிளிஞ்சலை நீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துக் காரையாக்கினர். கடைசிப் பூச்சை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துப் பளிங்கு போல மெருகேற்றினர். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நெருக்கி நிறுத்திப் போடும் மெட்ராஸ் டெரஸ் என்ற கூரையையும் இந்தக் காரையே இறுக்கிப் பிடித்தது.

இதே வடசென்னையின் திருவொற்றியூர்க் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எழுந்த தூங்கானை மாடத்தை, அதாவது படுத்த யானையின் முதுகு போல் பின்புறம் வளைந்த விமானத்தை, வீரசோழத் தச்சன் அமைத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட தச்சனைப் போலன்றி, சுண்ணாம்பு அரைத்த கொத்தனார்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. இன்று அவர்கள் கைத்தொழிலும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. கிளிஞ்சல் விளைந்த எண்ணூர்க் கழிமுகத்தின் அடியிலும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடிட்டுவிட்டது.

சிமெண்ட் விலை மலிவு, வேலை விரைவு, ஒழுகும் கூரையின் கீழ் குடியிருப்பவரால் மாதக்கணக்கில் காத்திருக்க இயலாது என்பது மறுதரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பெயர்ந்து விழும் பூச்சைத் திரும்பத் திரும்பப் பூசும் செலவை அந்தக் கணக்கு சேர்ப்பதில்லை.

கட்டடங்களைப் பட்டியலிட்டால் மட்டும் அவை நிற்கா. சுண்ணாம்பு வேலை கற்ற கைகள் வேண்டும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கென ஒரு பாடப்பிரிவு தொடங்குவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். அதுவரை ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பாட்டன் கட்டிய வீட்டில் வாழ்பவர்கள், அடுத்த மழைக்கு முன் பூச்சு வேலைக்கு ஆள் அழைக்கும்போது சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைத்தால், அவரிடம் இளைஞர் ஒருவரையும் சித்தாளாகச் சேர்த்துவிட வேண்டும்.