ரப்பர் விசைக் கணினியின் விளையாட்டுகள்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் அறிமுகமானது. கேம்பிரிட்ஜில் இருந்த கிளைவ் சின்க்ளேரின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் அதை இரண்டு வகையாக விற்றது. 16 கிலோபைட் நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. இதற்கெனத் தனித் திரை கிடையாது, வீட்டு டிவியில்தான் இணைக்க வேண்டும். நிரல்களைச் சேமிக்கப் பாட்டு கேட்கும் சாதாரண டேப் ரிக்கார்டரே போதும். விசைகளைத் தனித்தனியாகச் செய்யாமல் ஒரே ரப்பர் விரிப்பில் வார்த்து அதிலும் செலவைக் குறைத்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் உதவும் என்று பெற்றோர் வாங்கித் தந்த இந்தப் பெட்டி, பெரும்பாலான வீடுகளில் விளையாட்டுக்கே பயன்பட்டது. இதற்காக வெளிவந்த மென்பொருள்களில் இன்று பட்டியலிடப்பட்டவை மட்டும் 20,000-க்கு மேல். அவற்றில் பெரும்பகுதி விளையாட்டுகள்.

அந்த விளையாட்டுகளின் தோற்றத்தையும் போக்கையும் தீர்மானித்தது கணினியின் பற்றாக்குறைதான். உள்ளே இருந்தது 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலி. உருவங்களைத் திரையில் நகர்த்தத் தனிச் சில்லு எதுவும் இல்லை. ஓடுகிற மனிதனையும் பறக்கிற குண்டையும் புள்ளி புள்ளியாக எழுதி, அழித்து, மறுபடி எழுதுவது முழுக்கச் செயலியின் வேலை. ஒலிக்கும் அப்படித்தான். உள்ளிருந்த சிறிய ஒலிபெருக்கியைச் செயலியே விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை தட்டி எழுப்பினால்தான் ஒரு சுரம் கிடைக்கும். அந்த நேரத்தில் விளையாட்டு நின்றுவிடும்.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் விரும்பிய நிறம் கொடுப்பதென்றால் 24 கிலோபைட் அதற்கே போய்விடும், 48 கிலோபைட் கணினியில் சரிபாதி. அதனால் வடிவமைப்பாளர்கள் திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட 768 கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறங்கள் என்று வரையறுத்தார்கள். படத்துக்கு 6,144 பைட், நிறத்துக்கு 768 பைட், ஆக 6,912 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிட்டது. சிக்கனம் என்ற அளவில் இது அபாரம். ஆனால் சிவப்புச் சுவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் மனிதன் நடந்தால், அவன் தொடும் கட்டங்களில் சுவரும் மஞ்சளாகிவிடும், அல்லது அவன் சிவப்பாகிவிடுவான். இந்த நிற மோதல்தான் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளின் அங்க அடையாளம். ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கணினி என்று சொல்லிவிடலாம்.

கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்றுவதே ஒரு சடங்கு. ஜே விசையைத் தட்டினால் ஏற்றுவதற்கான கட்டளை முழுச் சொல்லாகத் திரையில் விழும். பிறகு இரண்டு மேற்கோள் குறிகள், அதற்குப் பின் டேப்பை ஓட விட வேண்டும். முதலில் ஒரே சீரான கீச்சொலி எழும், திரையின் ஓரங்களில் சிவப்பும் இளநீலமும் தடித்த பட்டைகளாக ஓடும். தகவல் வரத் தொடங்கியதும் ஒலி கரகரப்பாகி, நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடுகளாக நடுங்கும். முகப்புப் படம் மேலிருந்து கீழாக வரிசையாக வராது. திரை மூன்று பாகங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு பாகத்திலும் கோடுகள் இடைவெளி விட்டு விழுந்து, ஜன்னல் திரைச்சீலை இறங்குவதுபோல் இடைவெளிகள் நிரம்பும். நிறத் தகவல் கடைசியில் இருப்பதால் அதுவரை கறுப்பு வெள்ளையாக நின்ற படம் சட்டென்று வண்ணம் பெறும். 48 கிலோபைட் விளையாட்டு ஏறி முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடம். நான்காம் நிமிடத்தில் டேப் பிழை என்று ஒரு வரி வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டேப் ரிக்கார்டரின் காந்தத் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யும் வித்தையை இதனாலேயே பள்ளிப் பையன்கள் கற்றுக்கொண்டார்கள்.

தொடக்கக் கால விளையாட்டுகளை எழுதியவர்களில் பலரும் தனி ஆட்கள், பெரும்பாலும் பதின்வயதினர். மாத்யூ ஸ்மித் அவர்களில் தலையாயவர். 1983-இல் பக்-பைட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய மேனிக் மைனர் இருபது குகைகள் கொண்டது. சுரங்கத் தொழிலாளி வில்லி ஒவ்வொரு குகையிலும் சாவிகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு, காற்று தீர்வதற்குள் வாயிலை அடைய வேண்டும். எங்கே தாவினால் எங்கே விழுவான் என்பது அணுவளவும் மாறாது. தோற்றால் தவறு ஆடுபவருடையதே. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் மெட்டு விடாமல் ஒலித்தது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விளையாட்டைத் துளித் துளியாக நகர்த்திச் சாதித்த வேலை அது. மறுஆண்டு வந்த ஜெட் செட் வில்லியில் அதே வில்லி பணக்காரனாகி, அறுபது அறைகள் கொண்ட மாளிகையில் அலைந்தான். அதில் பரண் அறைக்குள் நுழைந்தவுடன் வேறு சில அறைகள் பாழாகி ஆட்டத்தை முடிக்கவே முடியாமல் போகும் கோளாறு இருந்தது. வெளியீட்டாளர் முதலில் அதை வேண்டுமென்றே வைத்த பொறி என்று சாதித்து, பிறகு திருத்தத்தை அறிவித்தார்.

தனியாள் திறமைக்கு மறுகோடியில் நின்றது, ஆஷ்பி-டி-லா-ஸூச் என்ற சிற்றூரில் ஸ்டாம்பர் சகோதரர்கள் நடத்திய அல்டிமேட். அவர்கள் பேட்டி தருவது அரிது, விளம்பரத்தில் விளையாட்டின் படங்கூடச் சரியாகக் காட்டுவதில்லை. 1983-இல் வந்த அவர்களின் ஜெட்பேக் 16 கிலோபைட் கணினியிலேயே ஓடியது. முதுகில் இயந்திரம் கட்டிய வீரன் ராக்கெட்டின் மூன்று துண்டுகளை அடுக்கி, எரிபொருள் நிரப்பிப் பறந்துபோக வேண்டும், அவ்வளவுதான். பின்புலம் முழுக்கக் கறுப்பாக இருந்ததால் நிற மோதல் கண்ணை உறுத்தவில்லை.

1984-இல் அதே நிறுவனம் வெளியிட்ட நைட் லோர் தான் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளின் உச்சி. அறையை ஒரு மூலையிலிருந்து சாய்கோணத்தில் பார்ப்பதுபோல் வரைந்து, அதற்குள் நாயகனைக் கட்டைகளுக்குப் பின்னும் முன்னும் நடமாட விட்டார்கள். பின்னால் போனால் உருவம் மறையும், முன்னால் வந்தால் கட்டை மறையும். சாய்கோணப் பார்வை அதற்கு முன்பும் உண்டு. சாண்டி ஒயிட் என்ற சிற்பி 1983-இல் எழுதிய ஆன்ட் அட்டாக் ஒரு முழு நகரத்தையே அப்படிக் காட்டியது. ஆனால் கார்ட்டூன் படத்தின் திடமான உருவங்களை நைட் லோர் தான் அந்த வெளிக்குள் கொண்டுவந்தது. நிற மோதலை அது தீர்த்த வழி இன்னும் துணிச்சலானது. அறைக்கு ஒரே நிறம், கறுப்புப் பின்னணி. இரண்டு நிறம் மட்டுமே இருந்தால் மோதுவதற்கு என்ன இருக்கிறது? கதையும் சாமானியமல்ல. நாயகன் இரவானால் ஓநாய் மனிதனாக மாறுவான், சாபம் நீங்க அவனுக்கு நாற்பது நாள் தவணை. சேபர் வுல்ஃப் என்ற முந்தைய வெளியீட்டுக்கு முன்பே இது தயாராகிவிட்டது என்றும், இதைப் பார்த்தபின் பழைய பாணி விளையாட்டை யாரும் வாங்கமாட்டார்கள் என்றே தள்ளிவைத்தார்கள் என்றும் அந்நிறுவனத்தார் பின்னாளில் சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குப் பிரிட்டனில் சாய்கோண விளையாட்டுகள் குவிந்தன. 1987-இல் ஜான் ரிட்மனும் பெர்னி டிரம்மண்டும் செய்த ஹெட் ஓவர் ஹீல்ஸ் அந்த வரிசையில் மிகச் சிறந்தது.

நிறக் கட்டத்தை எதிர்க்காமல் அதற்கு இணங்கி நடந்தவர்களும் உண்டு. டான் பிரீஸ்ட்லி 1986-இல் செய்த த டிராப் டோர் விளையாட்டில் உருவங்கள் மிகப் பெரியவை. கட்டங்களுக்கு ஏற்ப வரையப்பட்டதால் கார்ட்டூன்போலப் பளிச்சென்று இருந்தன.

ஓட்டமும் தாவலும் மட்டுமே ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் அல்ல. மெல்போர்னில் பிலிப் மிட்செல், வெரோனிகா மெக்லர் ஆகியோர் முக்கியப் பங்காற்றி உருவான த ஹாபிட் 1982-இல் டோல்கீனின் அதே பெயர்ப் புத்தகத்தோடு சேர்த்தே விற்கப்பட்டது. என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கில வாக்கியமாகத் தட்டச்சு செய்தால் கணினி புரிந்துகொண்டு பதில் சொல்லும். கதைமாந்தர் ஆடுபவருக்காகக் காத்திருக்கவில்லை. தாமாக நடமாடினார்கள், சண்டை போட்டார்கள், செத்தும் போனார்கள். அவசரமான கட்டத்தில் தோரின் என்ற குள்ளன் உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்குவதை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. மைக் சிங்கிள்டனின் லார்ட்ஸ் ஆஃப் மிட்நைட் 1984-இல் வந்தது. 4,000 இடங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் எட்டுத் திசைப் பார்வை, ஆக 32,000 நிலக்காட்சிகள். இவை எதுவும் படமாகச் சேமிக்கப்படவில்லை. மலை, காடு, கோட்டை என்ற சில வடிவங்களைத் தூரத்துக்கேற்பச் சிறிதாக்கி, அந்தந்த நொடியில் வரைந்தார்கள். படையெடுத்தும் வெல்லலாம், ஒரு சிறுவனை ஒளிந்து போகச் செய்து பகைவனின் பனிமகுடத்தை அழித்தும் வெல்லலாம். அதே ஆண்டின் ஸ்கூல் டேஸில் ஒரு பள்ளிக்கூடமே மணியடித்தபடி நடக்கும். எரிக் என்ற மாணவன் ஆசிரியர் அறைப் பெட்டகத்திலிருந்து தன் மதிப்பீட்டு அறிக்கையைத் திருட வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆடுபவர் தம் விருப்பப்படி பெயர் சூட்டலாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சி. பிள்ளைகள் யார் பெயரைச் சூட்டியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

கேசட் என்பதால் நகலெடுப்பது எளிது, இரட்டை டெக் உள்ள டேப் ரிக்கார்டர் ஒன்று போதும். தடுக்க நிறுவனங்கள் படாதபாடு பட்டன. ஜெட் செட் வில்லியோடு ஒரு வண்ணக் குறியீட்டு அட்டை வந்தது. அன்றைய ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை என்பதால் நகலெடுக்க முடியாது என்பது கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் கையாலேயே எழுதிக்கொண்டார்கள். எலீட் விண்வெளி விளையாட்டின் ஸ்பெக்ட்ரம் வடிவத்தோடு லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியைத் தந்தார்கள். அதன்வழியே திரையைப் பார்த்தால் சிதைந்த எழுத்து தெளியுமாம். பணம் கொடுத்து வாங்கியவருக்கே பல வேளை தெளியவில்லை. நகலெடுப்பைக் குறைக்க உருப்படியாக உதவியது விலைக் குறைப்புதான். மாஸ்டர்ட்ரோனிக் 1.99 பவுண்டுக்கு விளையாட்டுகளைப் பத்திரிகைக் கடைகளில் வைத்து விற்றது. கோட்மாஸ்டர்ஸ் அதே வழியில் வந்தது. அதற்காக ஆலிவர் இரட்டையர் 1987-இல் படைத்த டிஸ்ஸி என்ற முட்டை நாயகன் ஒரு நீண்ட தொடருக்கே உரியவனானான்.

வணிகம் பெருத்தபோது விழுந்தவர்களும் உண்டு. லிவர்பூலின் இமேஜின் நிறுவனம் 1984 கோடையில் திவாலானது. அதன் ஆடம்பரத்தைப் படமெடுக்க வந்திருந்த பிபிசி குழு வீழ்ச்சியையே படமெடுத்துக்கொண்டு போனது. அந்தப் பெயரை வாங்கிய மான்செஸ்டரின் ஓஷன், திரைப்படங்களையும் நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுகளையும் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரமுக்கு மாற்றியது. விற்பனை அமோகம். ஆனால் இந்த மாற்றங்களில் பலவும் பெரிய இயந்திரத்தின் மங்கிய நிழல்களே. ஸ்பெக்ட்ரமுக்கென்றே பிறந்த விளையாட்டுகளின் கச்சிதம் அவற்றில் குறைவு.

1986-இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் சின்க்ளேரின் கணினி வணிகத்தை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 128 கிலோபைட் நினைவகமும் தனி இசைச் சில்லும் கொண்ட வகைகள் வந்தன. ஆனாலும் பலரிடமும் பழைய கணினியே இருந்ததால் பெரும்பாலான விளையாட்டுகள் 48 கிலோபைட்டுக்காகவே எழுதப்பட்டன. தயாரிப்பு 1992-இல் நின்றது.

பிரிட்டனுக்கு வெளியே கதை வேறு. ஸ்பெயினில் டைனமிக், டோபோ, ஓபரா போன்ற நிறுவனங்கள் தனி மரபையே வளர்த்தன. இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று ஒரு வகையை விற்றது. சோவியத் ஒன்றியத்தில் உரிமம் இல்லாமலே பற்பல நகல் கணினிகள் உருவாயின. செக்கோஸ்லோவாக்கியாவில் பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய, சொற்களாலேயே ஆடும் சாகச விளையாட்டு, 1989 ஜனவரியில் பிராக் நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் போலீசார் ஆர்ப்பாட்டக்காரர்களை அடித்ததைப் பின்னணியாகக் கொண்டு, திரைப்பட நாயகன் இண்டியானா ஜோன்ஸை அந்தக் கூட்டத்தின் நடுவே இறக்கியது. கையிலிருந்து கைக்கு நகலாகிப் பரவிய அரசியல் துண்டறிக்கை அது.

கணினியின் அடிப்படை நிரலை எமுலேட்டர்களோடு, அதாவது பழைய கணினியைப்போல் நடிக்கும் மென்பொருள்களோடு பகிர ஆம்ஸ்ட்ராட் 1999-இல் அனுமதித்தது. விளையாட்டு நிறுவனங்களிலும் பல இசைந்தன, சில மறுத்தன. ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் பழைய தோற்றத்திலேயே, ரப்பர் விசைகளோடு, 48 விளையாட்டுகளை உள்ளடக்கிய புதிய பெட்டியை 2024 நவம்பரில் வெளியிட்டது. புதிதாக இவற்றை ஆடிப் பார்க்க விரும்புகிறவர் முதலில் ஜெட்பேக், பிறகு நைட் லோர் என்று போவது நல்லது. மேனிக் மைனரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் முதல் குகையைத் தாண்டவே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.