அத்திமரமும் சிலந்திச் செடியும்

நம் இல்லங்களின் தாழ்வாரத்திலும் சன்னலோரத்திலும் அழகு செய்யும் சிலந்திச் செடியைப் பலரும் அறிவர். வெண்கோடு ஓடிய நீண்ட இலைகளும், மெல்லிய தண்டுகளின் நுனியில் ஊசலாடும் குட்டிச் செடிகளும் அதன் அடையாளங்கள். ஆப்பிரிக்கா அதன் தாயகம். சுவீடன் நாட்டுத் தாவரவியலார் துன்பர்க் 1794-இல் அதனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். எளிதில் வளரும் எனப் பெயர் பெற்ற இச்செடி பல வீடுகளில் வாடி நிற்பது ஏன்?

நம் அன்னையார் விட்டுச் சென்ற தொட்டி ஒன்று நம்மிடம் இருந்தது. அவர் நினைவாகக் காலையும் மாலையும் தவறாது நீர் வார்த்தோம். இலைகள் மஞ்சளித்துத் துவண்டன. நீர் போதவில்லை எனக் கருதி மேலும் வார்த்தோம். ஒருநாள் செடி கையோடு பெயர்ந்து வந்தது. வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. தண்டில் தொங்கிய குட்டி ஒன்று மட்டுமே பசுமையாய் எஞ்சியிருந்தது.

பின்னரே உண்மையை உணர்ந்தோம். இச்செடியின் வேர்கள் கிழங்குபோல் தடித்தவை. நீரைச் சேமித்து வைப்பவை. ஆகவே சிறிது வறட்சியை அது தாங்கும். ஓயாத ஈரத்தைத் தாங்காது. விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேல்மண் ஓர் அங்குல ஆழம் உலர்ந்த பின்னரே நீர் வாருங்கள். தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது.

வேர் அழுகத் தொடங்கியிருப்பின், செடியை எடுத்துக் கழுவி, கறுத்த வேர்களை வெட்டி நீக்குங்கள். வெண்மையான வேர்களோடு, மணலும் மக்கிய எருவும் கலந்த புதுமண்ணில் நட்டு, கடும் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

இலைநுனி மட்டும் பழுப்பாகிக் கருகுமாயின், நீரிலுள்ள உப்பும் ஃபுளோரைடும் காரணமாயிருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. நீரை இரவு முழுதும் திறந்து வைத்தாலும் அது நீங்காது. சேமித்த மழைநீரே நல்லது. உரத்தையும் குறைத்தே இடுங்கள்.

குட்டியைப் பிரிக்கவும் அவசரம் வேண்டா. தாய்ச்செடியோடு இணைந்திருக்கும்போதே அதனை அருகிலுள்ள சிறு தொட்டியின் மண்மேல் பதித்து வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். அதன்பின் தண்டை வெட்டலாம். நாம் இழந்த செடியின் குட்டியோ தாயின் துணையின்றியே வேர்விட்டுப் பிழைத்தது. இன்று அது தானும் குட்டிகளை ஈன்று நிற்கிறது.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், கனிதராத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருவிட முன்வருகிறார். அந்த மரத்துக்கு எரு வேண்டியிருந்தது. நம் செடிக்கோ, நீர் வார்க்கும் கையைச் சற்றே நிறுத்தும் பொறுமை வேண்டியிருந்தது. வாடி நிற்பது செடியாயினும், வீட்டுப் பிள்ளையாயினும், முதியவராயினும், நாம் கொடுக்க விரும்புவதை அன்று, அவர்க்கு வேண்டுவதை அறிந்து கொடுப்போம். அன்பு அங்கேதான் வேர்விடும்.