கணிப்பொறியின் கணக்கும் கட்டுமானத்தின் சமநிலையும்

1978-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்க நாட்டின் ஹார்ட்ஃபர்டு நகரில், ஒரு பொது விளையாட்டரங்கின் எஃகுக் கூரை பனியின் பளுவைத் தாங்கமாட்டாமல் இடிந்து வீழ்ந்தது. அக்கூரையின் பரப்பு 300 அடிக்கு 360 அடி. சில மணி நேரத்துக்கு முன்னர்தான் ஏறத்தாழ 5,000 மக்கள் அதன்கீழ் அமர்ந்து கூடைப்பந்துப் போட்டியைக் கண்டு வீடு திரும்பியிருந்தனர். அதனாலேயே உயிர்ச்சேதம் நிகழவில்லை.

இக்கூரை கணிப்பொறியின் துணைகொண்டு வடிவமைக்கப்பட்டதாகும். கணிப்பொறி கூட்டல் பெருக்கலில் பிழை செய்யவில்லை. அமுக்கத்துக்கு உட்பட்ட மேற்சட்டங்கள் பக்கவாட்டில் போதிய பிடிப்புப் பெற்றுள்ளன என்று கணக்கில் கொள்ளப்பட்டது. உண்மையில் அப்பிடிப்புப் போதவில்லை. எனவே, கணக்கு காட்டிய பளுவுக்கு மிகக் குறைந்த பளுவிலேயே சட்டங்கள் வளையத் தொடங்கின. இங்கே கள அலுவலர்கள் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கட்டுமானம் நடைபெறும்போதே கூரையின் தொய்வு அளக்கப்பட்டது. அது கணக்கிட்டதைப்போல் இரு மடங்காக இருந்தது. இதைத் தெரிவித்தபோது, கணக்குக்கும் நடைமுறைக்கும் இத்தகைய வேறுபாடு இயல்பே என்று பதில் வந்தது.

பளு இரு மடங்கானால் தொய்வும் இரு மடங்காகும் என்னும் நேர்விகிதக் கொள்கை, பளு சிறிதாக இருக்கும் வரையில் பெரும்பாலும் பொருந்தும். ஆனால், ஒரு மெல்லிய பிரம்பைத் தரையில் ஊன்றி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். ஓரளவு வரையில் அது நேராக நிற்கும். அதன்பின் சிறிது அழுத்தம் கூடினாலும் வில்போல் வளைந்துவிடும். பளு ஏற ஏறப் பிரம்பின் விறைப்பே குறைந்துகொண்டு வருவதுதான் காரணம். எஃகு தன் மீள்தன்மையை இழக்கும்போதும், கான்கிரீட்டில் வெடிப்புத் தோன்றும்போதும், இரு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு விலகும்போதும் நேர்விகிதம் குலைகிறது.

இத்தகைய கணக்குகளுக்கு இன்று உலகெங்கும் கையாளப்படுவது ஃபைனைட் எலிமென்ட் முறை, அதாவது சிறுகூறு முறை. கட்டுமானத்தைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின் விறைப்பையும் கண்டு, அவற்றை ஒரே பெரிய அணியாகத் தொகுப்பது இதன் சாரம். இதன் வித்து 1943-இல் கூராண்ட் என்னும் கணித மேதையின் கட்டுரையில் உள்ளது. 1956-இல் டர்னர், கிளஃப் முதலிய நால்வர் விமான உறுப்புகளுக்கு இதனைப் பயன்படுத்தினர். 1960-இல் கிளஃப் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். நம் நாட்டிலும் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 'ஃபீஸ்ட்' என்னும் மென்பொருளை இம்முறையில் அமைத்துள்ளது.

நேர்விகிதக் கணக்கில் அணியை ஒருமுறை தீர்த்தால் வேலை முடிந்தது. நேர்விகிதமற்ற கணக்கிலோ, பெயர்ச்சி தெரிந்தால்தான் விறைப்பு தெரியும். விறைப்பு தெரிந்தால்தான் பெயர்ச்சியைக் காணலாம். ஆகவே ஓர் ஊகத்தில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே செல்ல வேண்டும். அவ்வழியைக் காட்டியவர் நியூட்டன். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே வகுப்பறைக்கும் ஏற்றது. ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதன் இரு மடங்கையும் 5-ஐயும் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும், அவ்வெண் யாது?

2 என்று ஊகித்தால் விடை -1, இதுவே எச்சம். அவ்விடத்தில் வளைகோட்டின் சரிவு 10. எச்சத்தைச் சரிவால் வகுத்துத் திருத்தினால் 2.1 கிடைக்கிறது. புதிய இடத்தில் சரிவைப் புதிதாகக் கண்டு திருத்த 2.094568, மூன்றாம் சுற்றில் 2.09455148. எட்டுத் தசம இடம் வரையில் இது சரியான விடை. விடைக்கு அருகில் வந்தபின், சரியான இலக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிக்கின்றன. இதுவே நியூட்டன் முறையின் பெருஞ்சிறப்பு.

சரிவை மீண்டும் மீண்டும் காணாமல் முதலில் கண்ட 10-ஐயே வைத்துக்கொண்டால் என்ன? விடை வருகிறது, ஆனால் எட்டுத் தசம இடத்துக்கு எட்டுச் சுற்றுகள் தேவைப்படுகின்றன. மூன்றெங்கே, எட்டெங்கே என்று இம்முறையை ஒதுக்கிவிடுவது அவசரமாகும். இங்கே சரிவு என்பது ஒரே எண். கட்டுமானத்திலோ அது மாபெரும் அணி. 1,00,000 சமன்பாடுகளும், 1,000 அரைப்பட்டை அகலமும் உடைய அணியைக் காரணிப்படுத்த ஏறத்தாழ 10,000 கோடிக் கணக்கீடுகள் வேண்டும். காரணிப்படுத்திய அணியைக்கொண்டு ஒரு திருத்தம் காண 40 கோடி போதும். அதாவது, பழைய அணியால் செய்யும் ஒரு சுற்றின் செலவு 250-இல் ஒரு பங்கு. இத்துடன் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கூறுகளின் தகைவையும் கணக்கிடும் செலவு சேரும். ஆயினும் எட்டுச் சுற்று மூன்று சுற்றை வெல்லுவதில் வியப்பில்லை. ஆகவே, சுற்றுகளின் எண்ணிக்கையைக்கொண்டு மென்பொருளின் வேகத்தை மதிப்பிடுவது வண்டிச் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித் தூரத்தைச் சொல்வதாகும். சக்கரத்தின் அளவையும் அறிய வேண்டாமா?

இவ்விரண்டுக்கும் நடுவழியும் உண்டு. பழைய அணியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் செய்தியால் அதனைச் சிறிது சிறிதாகத் திருத்துவது அது. 1979-இல் மத்தீஸ், ஸ்ட்ராங் இருவரும் இதனைச் சிறுகூறு முறைக்கு ஏற்றவாறு அமைத்தனர். ஆயினும் பழைய அணியை நம்பும் முறைகள், விறைப்பு விரைந்து மாறும் இடத்தில் தடுமாறுவது உண்டு. அத்தகைய இடங்களில் முழு நியூட்டன் முறையே கைகொடுக்கிறது.

அதுவும் எப்போதும் கைகொடுக்கும் என்பதில்லை. மேற்சொன்ன வினாவைச் சிறிது மாற்றி, எண்ணின் கனத்திலிருந்து அதன் இரு மடங்கைக் கழித்து 2-ஐக் கூட்டினால் பூஜ்யம் என்போம். 0-இல் தொடங்கினால் அடுத்தது 1, அதற்கடுத்தது மீண்டும் 0, பின்னும் 1. எத்தனை நாள் கணக்கிட்டாலும் முடிவு இராது. ஆனால் விடை இல்லாமலில்லை, -1.769-க்கு அருகில் அது இருக்கிறது. தொடங்கிய இடம்தான் பொருந்தவில்லை.

இங்கேதான் கள அலுவலருக்கு உரிய இடர் பிறக்கிறது. 'இத்தனை பங்கு பளுவில் கணக்கு நின்றுவிட்டது' என்று அறிக்கை வருகிறது. கட்டுமானம் அப்பளுவில் இடியும் என்று அதற்குப் பொருளா? பளுவை ஏற்றிய படி பெரிதாக இருந்திருக்கலாம். ஏதோ ஒரு பகுதிக்குத் தாங்குமுனை கொடுக்க மறந்திருக்கலாம். அல்லது கட்டுமானம் உண்மையிலேயே தன் எல்லையை அடைந்திருக்கலாம். முதற்காரணமாயின் படியைச் சிறிதாக்கினால் கணக்கு முன்னேறும். எவ்வளவு சிறிதாக்கினாலும் அதே பளுவில் நின்றால் மற்ற இரண்டையும் ஆராய வேண்டும்.

எல்லையை அடைந்த கட்டுமானத்தில் அதற்குமேல் பளுவை ஏற்ற இயலாது. காற்றில் குடை மறுபுறம் மடங்குவதை எல்லோரும் கண்டிருப்பர். குவிந்த ஓடும் இவ்வாறே ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவும். இடைப்பட்ட சமநிலைகளில் பளு குறைந்துகொண்டே பெயர்ச்சி வளரும். பளுவைக் கூட்ட மட்டுமே அறிந்த கணக்கு அவ்விடத்தில் திகைத்து நிற்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக்ஸ் 1970களில் இதற்கு வழி கண்டார். பளுவையும் அறியாத அளவாகக் கொண்டு, வளைகோட்டின் வழியே நடந்த தூரத்தைக் கட்டுப்படுத்துவது அவ்வழி. 1981-இல் பிரிட்டனின் கிரிஸ்ஃபீல்டு அதனைச் சிறுகூறு மென்பொருளுக்கு எளிதாக்கிக் கொடுத்தார். வில்நீள முறை எனத்தகும் இதனால், பளு உச்சத்தை அடைந்து இறங்குவதையும் தொடர்ந்து காண முடிகிறது.

மென்பொருளின் பதிவுத்தாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் எதிரே எச்சம் அச்சாகியிருக்கும். பலர் கடைசி வரியை மட்டும் பார்த்துத் தாளை மூடிவிடுகின்றனர். முழு நியூட்டன் முறையில் எச்சம் நூறில் ஒன்று, பதினாயிரத்தில் ஒன்று, பத்துக் கோடியில் ஒன்று என வீழ்ந்தால் அணி சரியாக அமைந்துள்ளது எனக் கொள்ளலாம். சுற்றுக்குப் பத்தில் ஒன்றாக மட்டுமே மெல்லக் குறைந்தால், பொருளின் தன்மையிலிருந்து விறைப்பைக் கணக்கிட்டதில் ஏதோ பொருந்தவில்லை என ஐயுறலாம். அணியைக் கணக்கிடும் வழி தகைவைக் கணக்கிடும் வழியோடு இசைந்திருக்க வேண்டுமென்பதை 1985-இல் சைமோ, டெய்லர் இருவரும் தெளிவுறுத்தினர்.

எச்சம் முற்றிலும் மறைந்தாலும், கொடுக்கப்பட்ட மாதிரி சமநிலையில் உள்ளது என்பதே அதன் பொருள். ஹார்ட்ஃபர்டு கூரையில் இல்லாத பிடிப்பை உள்ளதாக எழுதிக்கொடுத்தால், மிகச் சிறந்த முறையும் அப்பொய்யான கூரைக்கே சமநிலை காணும். பிடிப்பு உள்ளதா என்று ஏணியில் ஏறிப் பார்ப்பதும், தொய்வை அளந்து கணக்கின் தொய்வுக்கு அருகே எழுதுவதும் கள அலுவலரின் வேலை. இரண்டும் இரு மடங்கு வேறுபடும்போது, அதற்குக் காரணம் எழுத்து மூலம் கிடைக்கும் வரையில் அடுத்த பளுவை ஏற்ற இசையாமலிருப்பதும் அவ்வேலையைச் சேர்ந்ததே.