வரவேற்பறைக்கு எந்தப் பெட்டி? வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சாலைகள் சந்திக்கும் ஊர் ஆயர் ஈத்தாம். மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங், வடக்கே யோங் பெங். விரைவுச்சாலை வருவதற்கு முன், சிங்கப்பூருக்குப் போகும் பயணிகள் இங்கே இறங்கித் தேநீர் குடித்து, மட்பாண்டக் கடைகளில் பூச்சாடி வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சாடியைக்கூடத் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு, விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாங்குவார்கள். ஆனால் இன்று தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டியை வாங்கும்போது அந்த நிதானம் பலரிடம் இருப்பதில்லை. "எல்லாச் சேனலும் வரும், மாதக் கட்டணம் கிடையாது" என்ற ஒரு வார்த்தையே போதுமானதாகிவிடுகிறது.

மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் மாதத்தோடு முடிவுக்கு வந்தது. இப்போது ஆர்.டி.எம். அலைவரிசைகள் இலவச இலக்கவியல் ஒளிபரப்பான மைஃப்ரீவியூ வழியாக வருகின்றன. இணையத்தில் ஆர்.டி.எம். கிளிக் செயலியிலும் பார்க்கலாம். திரைப்படங்களும் தொடர்களும் இணையம் வழியாகவே வீட்டுக்குள் நுழைகின்றன. இவற்றை வரவேற்பறைத் திரைக்குக் கொண்டுவர எந்தக் கருவி வேண்டும்? சின்னக் கணினியா, தொலைக்காட்சிப் பெட்டியா?

முதல் கேள்வி: ரிமோட் யார் கையில்?

கடைக்காரர் முதலில் சொல்வது செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும்தான். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. வீட்டில் அதிக நேரம் தொலைக்காட்சி பார்ப்பவர் யார்?

தமிழ்ச் செய்திக்காகக் காத்திருக்கும் தாத்தா என்றால், அவருக்கு விசைப்பலகையும் சுட்டெலியும் ஒத்துவராது. இணைய உலாவியைத் திறந்து, கடவுச்சொல் தட்டி, பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவருக்கு ஒரு தண்டனை. நான்கைந்து பொத்தான்கள் உள்ள ரிமோட்டில் இயங்கும், கூகல் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி பெட்டியோ, விரல் நீளக் குச்சி வடிவக் கருவியோ போதும். புதிய தொலைக்காட்சிகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அப்படி இருந்தால் தனிப் பெட்டியே தேவையில்லை.

சின்னக் கணினி யாருக்கு?

உள்ளங்கை அகலத்தில் கிடைக்கும் மினி கணினிக்கும் ஒரு தேவை உண்டு. தாய் தந்தையின் திருமண வீடியோ, பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சிகள், பழைய குறுந்தட்டுப் பாடல்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது நல்ல துணை. ஒளிநாடாக்கள் ஆண்டுதோறும் பூசணம் பிடித்து அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை இலக்கவியல் கோப்புகளாக மாற்றிக் கணினியில் வைத்துவிட்டால், தீபாவளிக்கு வரும் உறவினர்கள் எல்லாரும் ஒரே திரையில் பார்க்கலாம். ஒரு நகலை வெளிச் சேமிப்புத் தட்டிலும் வைப்பது அவசியம். அதே கணினியில் பிள்ளைகள் பள்ளி வேலையையும் செய்யலாம்.

இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் வேண்டாம். 2023இல் வெளிவந்த இன்டெல் என்100 செயலி நான்கு கருக்கள் கொண்டது. இது 6 வாட் வகையைச் சேர்ந்தது. எச்.இ.வி.சி., ஏவி1 என்னும் இரண்டு காணொளிச் சுருக்க முறைகளையும் வன்பொருளிலேயே விரித்துக் காட்டும். இது ஏன் முக்கியம்? இணையத்தில் வரும் படம் சுருட்டிய பாய் போன்றது. அதை விரிக்கத் தனிப் பகுதி இல்லாத பழைய கணினி, முழு மூளையையும் அதற்கே செலவிட்டுச் சூடாகும், படமும் தடுமாறும். 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. சேமிப்பும் படம் பார்ப்பதற்குப் போதும்.

மின் கட்டணத்திலும் வேறுபாடு உண்டு. 80 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி தினமும் 5 மணி நேரம் ஓடினால் 30 நாளில் 12 யூனிட் ஆகும். 10 வாட் கருவிக்கு ஒன்றரை யூனிட்தான்.

கணினியில் ஒரு குறையும் உண்டு. பெரும்பாலான மினி கணினிகளைத் தொலைக்காட்சியின் ரிமோட்டால் இயக்க முடியாது. சில கட்டணச் சேவைகள் கணினி உலாவியில் உச்சத் தெளிவைத் தருவதில்லை. கோடி என்ற இலவச மென்பொருள் சொந்தக் கோப்புகளை அழகாக அடுக்கிக் காட்டும். ஆனால் அது வெறும் அலமாரி. படங்கள் அதற்குள் தானாக வராது.

வேகமும் அளவும்

பெட்டி எவ்வளவு நல்லதானாலும் இணையம் இழுத்தால் படம் நின்றுவிடும். முழு எச்.டி. தெளிவுக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கே தெளிவுக்கு 15 மெகாபிட் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. சிம் அட்டை மோடத்தை நம்பும் வீடுகள் கணக்குப் பார்க்க வேண்டும். எச்.டி. படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றுக்கே 7.5 ஜிபி போய்விடும். அங்கே 4கே பெட்டி வாங்கிப் பயனில்லை.

மோடம் முன்னறையில், தொலைக்காட்சி இரண்டு கல்சுவருக்கு அப்பால் என்றால் வைஃபை தளரும். ஒரு லேன் கம்பி இழுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

"எல்லாம் இலவசம்" என்றால்?

இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. சான்று பெறாத பெட்டிகளில் வைட்வைன் எனப்படும் பாதுகாப்பு முறையின் உயர்நிலை அனுமதி பொதுவாக இருப்பதில்லை. பெட்டியின் மேல் 4கே, 8கே என்று அச்சிட்டிருக்கலாம். ஆனால் பணம் கட்டிய சேவைகூட அதில் 480 வரித் தெளிவில் மங்கலாகத்தான் தெரியும்.

சட்டமும் மாறிவிட்டது. பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ளது. அனுமதியற்ற ஒளியோட்டக் கருவிகளைத் தயாரிப்போர், இறக்குமதி செய்வோர், விற்போருக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாமல் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சேவை முடக்கப்படும் நாளில் வாங்கியவர் கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீய மென்பொருள் பற்றி 2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரிக்கை விடுத்தது. மலிவான ஒளியோட்டப் பெட்டிகள் உட்பட லட்சக்கணக்கான கருவிகளில் அது புகுந்திருக்கிறது. சில கருவிகளில் வாங்குவதற்கு முன்பே உள்ளே இருந்தது. அப்படிப்பட்ட பெட்டி, வீட்டின் இணைய இணைப்பைக் குற்றவாளிகளுக்குத் திறந்துவிடும் பின்கதவு. அதே வைஃபையில்தான் வங்கிச் செயலி உள்ள கைத்தொலைபேசியும் இருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா? மென்பொருள் புதுப்பிப்பு தொடர்ந்து வருமா? உத்தரவாதம் தருபவர் யார்? பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றச் சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். கதவு மூடிய அலமாரிக்குள் வைத்தால் கருவி வெந்துவிடும். மாலை நேர இடிமழை ஜொகூருக்குப் புதிதல்ல. கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. ஆனால் மின்கம்பி வழியாகவும் கூரை அலைவாங்கி வழியாகவும் பாயும். இடி நெருங்கும் முன்பே மோடம், பெட்டி, தொலைக்காட்சி மூன்றின் மின்செருகிகளையும் அலைவாங்கிக் கம்பியையும் கழற்றிவிடுவது நல்லது.

பார்ப்பது மட்டும் போதும் என்றால் சான்று பெற்ற சிறு பெட்டி. குடும்பத்தின் நினைவுகளைச் சேமிக்கவும் பிள்ளைகள் படிக்கவும் வேண்டும் என்றால் மினி கணினி. முத்திரை இல்லாத "எல்லாம் இலவசம்" பெட்டி எந்த வீட்டுக்கும் வேண்டாம். அதன் உண்மையான விலை கடையில் ஒட்டிய சீட்டில் இருப்பதில்லை.