அஞ்சற்பெட்டிப் பூட்டு: ஒரு விளக்கம்

மின்னஞ்சற் சேவையகத்திற் பயனர் ஒருவரின் அஞ்சற்பெட்டி பூட்டுண்டு கிடக்குமாயின், அப்பூட்டையே கோளாறு எனக் கருதி உடனடியாக அகற்ற முற்படுவோர் பலர். இவ்வவசரம் கடிதங்களை இழக்கச் செய்யவல்லது. பூட்டு அடிப்படையில் ஒரு காவலாகும். ஆதலின் அது தோன்றிய காரணத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

யுனிக்ஸ் மரபில் வழங்கிவந்த எம்பொக்ஸ் அமைப்பில், ஒருவருக்குரிய கடிதங்கள் யாவும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. கடிதத்தைச் சேர்ப்பிக்கும் நிரல் கோப்பின் இறுதியில் எழுதுகின்றது. பயனர் கடிதங்களை நீக்கும்போது வாசிப்பு நிரல் கோப்பையே திருத்தி எழுதுகின்றது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழின் கடிதங்கள் ஒன்றோடொன்று கலக்கலாம், அழிந்தும் போகலாம். இம்முரண்பாட்டைத் தவிர்க்கவே பூட்டு ஏற்பட்டது.

பூட்டுகள் பிரதானமாக இருவகைப்படும். ஒன்று, இயக்க முறைமையின் கருவே பேணும் பூட்டு. அதனைப் பிடித்திருக்கும் நிரல் மடிந்ததும் அது தானாகவே நீங்கிவிடும். மற்றையது, பெட்டியின் பெயரோடு 'லொக்' என்னும் பின்னொட்டைக் கொண்ட தனிக்கோப்பு. மின்தடையாலோ வேறு காரணத்தாலோ நிரல் இடைநடுவில் மடிந்தால் இக்கோப்பு எஞ்சி நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற நிரல்கள் 500 செக்கன்களுக்கு மேற்பட்ட பூட்டுக்கோப்பைக் கைவிடப்பட்டதாகக் கொள்வது இதனாலேயாம்.

பயனர் பக்கத்திலிருந்தும் பூட்டு எழுகின்றது. 1996ஆம் ஆண்டு வெளியான பொப் 3 நெறிமுறையின்படி, ஓர் அமர்வு நடைபெறுகையில் பெட்டி அதற்கே உரியது. தொடர்பு இடையில் அறுந்தால், சேவையகம் அவ்வமர்வைத் தானாக முடிக்கும்வரை பூட்டு நீடிக்கலாம். அக்காலக்கெடு குறைந்தது 10 நிமிடமாதல் வேண்டும் என்பது விதி. இவ்வேளையிற் கடவுச்சொல் பிழைத்துவிட்டதென மயங்குவோர் உளர். அம்மயக்கத்தைக் களையும்பொருட்டே, 'பெட்டி பயன்பாட்டில் உள்ளது' எனத் தனியே உணர்த்தும் குறியீடொன்று 1998இல் வகுக்கப்பட்டது.

அவ்வாறாயின் ஆய்வை எவ்வொழுங்கில் நடத்துவது? முதலாவது, பாதிப்பு ஒருவருக்கா அனைவருக்குமா எனப் பதிவேடுகளிற் காணல் வேண்டும். அனைவருக்குமாயின், வட்டு நிரம்பியிருத்தல், பூட்டுக்கோப்பை ஆக்குவதற்கான எழுத்துரிமை இன்மை ஆகியவற்றை ஆராய்தல் தகும். ஒருவருக்கேயாயின், அப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் நிரல் எது என வினவுதல் வேண்டும். லினக்ஸில் 'எல்எஸ்ஓஎஃப்' எனும் கட்டளை இதற்கு உதவும். அந்நிரல் பெரிய பெட்டியொன்றைத் திருத்தி எழுதிக்கொண்டிருப்பின் காத்திருத்தலே முறை. உறைந்து நிற்பின் இயல்பான நிறுத்தக் கட்டளையால் முடித்தல் வேண்டும். வலிந்து கொன்றால் கோப்பு அரைகுறையாக எஞ்சலாம். உரிமையாளன் எவருமில்லை எனத் தெளிந்தபின், பெட்டிக்கு ஒரு பிரதி எடுத்துவைத்து, பூட்டுக்கோப்பை மாத்திரம் நீக்கலாம். இதனிடையே வரும் கடிதங்கள் வரிசையிற் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைவில் அவை 5 நாள்வரை பேணப்படும். எனவே அவசரத்துக்கு நியாயம் குறைவு.

பூட்டு மீண்டும் மீண்டும் தோன்றின், நிரல்களுக்கிடையேயான உறவை நோக்குதல் இன்றியமையாதது. ஒரு நிரல் முதலிற் பூட்டுக்கோப்பையும் பின்னர்க் கருப்பூட்டையும் நாட, மற்றையது எதிர்வரிசையில் நாடுமாயின், ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் முடங்கும். அனைத்து நிரல்களும் ஒரே பூட்டுகளை ஒரே வரிசையிற் கைக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

ஆயினும் சிக்கலின் வேர், யாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் அமைப்பிலேயே உளது. டி. ஜே. பேர்ன்ஸ்டைன் கியூமெயிலுக்கென வகுத்த மெயில்டிர் அமைப்பு இவ்வேரையே தொட்டது. அதிற் கடிதம் ஒவ்வொன்றும் தனிக்கோப்பாகும்; தற்காலிக அடைவில் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே அது புதியவற்றுக்கான அடைவுக்கு நகர்த்தப்படும். சேர்ப்பித்தலுக்குப் பூட்டு வேண்டுவதில்லை. தொகுத்து நோக்குமிடத்து, பூட்டை அகற்றுதல் அன்றைய இடரை மட்டுமே தீர்க்கும். அதனைத் தோற்றுவித்த அமைப்பை மாற்றுதலே நிலையான தீர்வு எனலாம்.