ஓசூர் பெருசா? கிருஷ்ணகிரி பெருசா?



சூளகிரி பக்கம் இருக்கும் நமக்கு ரெண்டு ஊருமே பஸ் தூரம்தான். அதனால் வகுப்பில் ரெண்டு கட்சி. “கலெக்டர் ஆபீஸ் எங்க இருக்கு?” என்று கேட்கும் கிருஷ்ணகிரி கட்சி. “கம்பெனி எல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்கும் ஓசூர் கட்சி. கணக்கு என்ன சொல்கிறது, பார்ப்போமா?

2001 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரியில் சுமார் 64 ஆயிரம் பேர், ஓசூரில் 84 ஆயிரம் பேர். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த புது மாவட்டத்துக்குத் தலைநகர் ஆனது கிருஷ்ணகிரி. ஆனாலும் 2011-ல் கிருஷ்ணகிரி 71 ஆயிரம்தான். ஓசூரோ 1 லட்சத்து 16 ஆயிரம்! காரணம், 1970-களில் வந்த சிப்காட். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று கம்பெனிகள் வர வர, வேலைக்கு ஆட்களும் வந்தார்கள். பெங்களூரும் 40 கிலோமீட்டர்தான்.

ஒரு வேடிக்கை கேளுங்க. அதே 2011 கணக்கை வைத்து, ஓசூரில் சுமார் 2 லட்சத்து 45 ஆயிரம் பேர் என்றும் சொல்கிறார்கள். ரெண்டும் சரிதான்! மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி போன்ற பக்கத்து ஊர்களை ஓசூரோடு சேர்த்ததால் வந்த கணக்கு அது. யாரும் மூட்டை கட்டி வரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சிகாகோ 1889-ல் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்துக்கொண்டு, 1890-ல் 10 லட்சத்தைத் தாண்டியது. நியூயார்க் 1898-ல் புரூக்ளின் என்ற பெரிய நகரத்தையே தன்னோடு சேர்த்துக்கொண்டது.

சரி, யார் பெருசுன்னு தெரிந்து நமக்கு என்ன லாபம்? லாபம் இருக்கு. உள்ளாட்சிகளுக்கு நிதி பிரிக்கும்போது மக்கள்தொகையைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. அதனால் 2011 கணக்குதான் நீண்ட காலம் ஓடியது. எனக்கு வயது 14. நான் பிறந்தது அந்தக் கணக்கெடுப்புக்கு அப்புறம். அதில் நான் இல்லை! என் தம்பியும் இல்லை, ஆறாம் வகுப்பில் ஒருத்தரும் இல்லை. நாம குடிக்கிற தண்ணீர், ஏறுகிற பஸ் மட்டும் நிஜம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல் என்று அரசு அறிவித்துள்ளது. எங்க தெருவில் திருவண்ணாமலை, பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. “எங்க கணக்கு சொந்த ஊர்லதான்” என்கிறார்கள். அப்படி இல்லீங்க. வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் எண்ண வேண்டும். வாடகை வீடானாலும் அதுதான் கணக்கு. இதை வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்.

ஓசூரா, கிருஷ்ணகிரியா என்று அப்புறம் சண்டை போடலாம். முதலில் எல்லாரும் கணக்கில் வருவோம்!


ஒன்பதாம் வகுப்பு மாணவி