சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றவர்!

நீல உடை. முதுகில் சிவப்புப் போர்வை. ஒரு வீரன் மோட்டார் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். கூட இருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள்!

அந்த வீரன் யார் என்று கேட்டால், "சூப்பர்மேன்" என்று சிறு பிள்ளைகள் கூடச் சொல்லிவிடும். அவனை முதன் முதலில் வரைந்தவர் யார்?

அவர் பெயர் ஜோ ஷஸ்டர். காரைத் தூக்கும் வீரனைப் படைத்த அவர் குள்ளமானவர். கூச்ச சுபாவம் உள்ளவர். கண்களில் தடித்த கண்ணாடி.

ரொட்டிப் பலகை

ஜோ, கனடா நாட்டில் உள்ள டொரண்டோ நகரில் 1914-ம் ஆண்டு பிறந்தார். தந்தை தையல்காரர். பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பம். ஜோ சிறுவனாக இருந்தபோது, குடும்பம் அமெரிக்காவில் உள்ள கிளீவ்லாந்து நகருக்குக் குடியேறியது.

ஜோவுக்குப் படம் வரைவது என்றால் உயிர். ஆனால் காகிதம் வாங்கக் காசு இல்லை. கசாப்புக் கடையில் இறைச்சி சுற்றும் தாளில் வரைவார். சுவரில் ஒட்டும் காகிதம் கிடைத்தால், அதன் பின்புறத்தில் வரைவார்.

தாயார் ரொட்டி மாவு பிசையும் பலகைதான் அவருக்கு மேஜை. வாரம் ஒரு முறை, ஓய்வு நாள் ரொட்டி செய்வதற்காகத் தாயார் பலகையைக் கேட்பார். அன்று ஓவியருக்கும் ஓய்வு!

குளிர் காலத்தில் வீட்டில் கணப்பு கிடையாது. கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, கையுறையும் மாட்டிக்கொண்டு வரைந்தார்.

இரு நண்பர்கள்

பள்ளிக்கூடத்தில் ஜெர்ரி சீகல் என்ற நண்பர் கிடைத்தார். இருவருக்கும் ஒரே வயது. ஜெர்ரி கதை எழுதுவார். ஜோ படம் போடுவார்.

1933-ம் ஆண்டு சூப்பர்மேன் என்ற பெயரில் ஒரு படக்கதை தயாரித்தார்கள். யாரும் வாங்கவில்லை. மனம் உடைந்த ஜோ, படங்களை நெருப்பில் போட்டுவிட்டார். அட்டைப் படத்தை மட்டும் ஜெர்ரி காப்பாற்றினார்.

மறுபடி யோசித்தார்கள். சர்க்கஸ் பயில்வான்களைப் பார்த்து உடையை அமைத்தார் ஜோ. பாயும் வேகம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகப் போர்வையைச் சேர்த்தார். கதையில் வரும் நகரத்துக்கு, தான் பிறந்த டொரண்டோவே மாதிரி.

சூப்பர்மேன் சாதாரண மனிதனாக வரும்போது கண்ணாடி அணிந்த சாதுவாக இருப்பான் அல்லவா? அதற்கு ஜோ வெளியே போய் ஆள் தேட வேண்டியதில்லை!

ஒரு செக்

பல ஆண்டுகள் அலைந்த பிறகு, 1938-ம் ஆண்டு ஒரு கம்பெனி கதையை வாங்கியது. 412 டாலருக்கு ஒரு செக் வந்தது. அதில் மற்ற வேலைகளுக்கான கூலி போக, சூப்பர்மேனுக்கு 130 டாலர். 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர்.

அந்தப் பணத்துக்குப் படம் மட்டும் போகவில்லை. சூப்பர்மேனின் முழு உரிமையும் கம்பெனிக்குப் போய்விட்டது. இரு நண்பர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 23.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. சில ஆண்டுகள் ஜோ நன்றாகவே சம்பாதித்தார். உதவிக்கு ஆட்களை வைத்துக்கொண்டு வரைந்தார். ஆனால் பெரும் லாபம் கம்பெனிக்கு. போதாக்குறைக்கு, ஜோவின் கண் பார்வையும் மங்கத் தொடங்கியது.

1947-ம் ஆண்டு நண்பர்கள் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு சமரசம் ஆயிற்று. சுமார் 94 ஆயிரம் டாலர் கிடைத்தது. வேலை போயிற்று. அச்சில் வந்துகொண்டிருந்த அவர்கள் பெயரும் போயிற்று!

இருட்டு

1975-ம் ஆண்டு ஜோ, நியூயார்க்கில் தம்பியின் வீட்டில் இருந்தார். கையில் காசு இல்லை. ஏறக்குறைய முழுக் குருடு.

அப்போது சூப்பர்மேன் சினிமாவுக்குப் பெரும் பணத்தில் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜெர்ரி கொதித்து எழுந்தார். நடந்ததை எல்லாம் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற ஓவியர்கள் நண்பர்களுக்காகப் போராடினார்கள்.

கம்பெனி இறங்கி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பறித்த பெயரையும் திருப்பித் தந்தது. 1978-ம் ஆண்டு வெளிவந்த சினிமாவில், "படைத்தவர்கள்" என்று இருவர் பெயரும் திரையில் தோன்றின.

ஜோ 1992-ம் ஆண்டு காலமானார்.

அவர் கையெழுத்திட்ட அந்தப் பழைய செக், 2012-ம் ஆண்டு ஏலத்துக்கு வந்தது. 1 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று!